கூடு ஓரிடம், இரை ஓரிடம்

நடவு முடிந்த வயல். கணுக்கால் அளவு தண்ணீர். வெளிறிய சாம்பல் உடம்பும் கறுத்த இறகோரமும் கொண்ட நத்தைகுத்தி நாரை ஒன்று வரப்பை ஒட்டி நடந்துவருகிறது. அதன் அலகை உற்றுப் பாருங்கள். இறுக மூடியிருக்கும்போதும் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டுவதில்லை. அடியிலும் நுனியிலும் மட்டுமே தொட்டுக்கொள்ளும். இடையில் வானம் தெரியும்.

அந்த இடைவெளியில் நத்தையை வைத்து, பாக்குவெட்டியில் பாக்கை நசுக்குவது போல நொறுக்குகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் நாரை இரை தின்ற இடத்தில் கிடக்கும் ஓடுகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை உடையாமல் முழுசாக இருக்கின்றன. உண்மையில் நடப்பது நுட்பமான அறுவை. சேற்றில் அலகால் துழாவி நத்தையைக் கண்டதும், நாரை அதைத் தண்ணீருக்கடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நத்தையின் வாசலை ஒரு தட்டு மூடியிருக்கும். சற்று வலப்புறம் திருகியிருக்கும் கீழலகின் கூர்நுனி அந்தத் தட்டின் ஓரத்தில் நுழைகிறது. சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசை அறுபடுகிறது. தலையை இரண்டு உதறு உதறியதும் சதை மட்டும் வெளியே வந்துவிடுகிறது. எல்லாம் நீருக்குள்ளேயே நடப்பதால் கரையில் நிற்பவருக்குக் கடைசி விழுங்கல் மட்டுமே கண்ணில் படும். நாரைக்குஞ்சின் அலகில் இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் அது உண்டாகிறது.

தொண்டை நிறைந்ததும் நாரை எழும்பிப் பறக்கிறது. மதுராந்தகத்தைச் சுற்றிய வயல் ஒன்றில் இது நடந்தால், ஜனவரி மாதமென்றால், அது போகும் திசையை ஓரளவு துணிந்து சொல்லலாம்: வேடந்தாங்கல். அங்கே ஒரு மரக்கிளையில் அதன் குஞ்சுகள் காத்திருக்கின்றன. தாயோ தகப்பனோ வந்திறங்கி, விழுங்கியதைக் கூட்டின் நடுவில் கக்கிவைத்தால்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

சரணாலயத்துக்குப் போகிற நாம் இந்தப் பயணத்தின் ஒரு முனையைத்தான் பார்க்கிறோம். மறுமுனை நம் கண்ணுக்கும் படுவதில்லை, பெரும்பாலும் சட்டத்தின் கண்ணுக்கும் படுவதில்லை. பறவைச் சரணாலயம் எதைக் காக்கிறது, எதைக் காக்க முடியாமல் நிற்கிறது என்பதை இந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

வேடந்தாங்கல் ஏரி மிகச் சிறியது. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். ஒரு கரையில் தொடங்கி நிதானமாக நடந்தால் மூச்சு வாங்குவதற்குள் மறுமுனைக்குப் போய்விடலாம். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் இந்தச் சின்ன ஏரியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கூடுவதாக வனத்துறைக் கணக்குகள் சொல்கின்றன. இத்தனை வாய்களுக்கும் அந்த 74 ஏக்கரிலேயே மீன் கிடைக்குமா? கிடைக்கவே கிடைக்காது. பிறகு ஏன் இங்கே வருகின்றன?

தண்ணீருக்குள் நிற்கும் மரங்களுக்காக வருகின்றன. ஏரியின் உள்ளே நீர்க்கடம்பு மரங்கள் இருக்கின்றன. அடிமரம் மாதக்கணக்கில் முழுகிக் கிடந்தாலும் அழுகாத மரம் அது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் ஒவ்வொரு மரமும் ஒரு தீவாகிவிடுகிறது. பூனை, கீரி, நரி எதுவும் நீந்திப்போய் ஏறாது. மனிதனும் எளிதில் போக முடியாது. கொக்கு, நாரை இனங்கள் கூட்டமாகக் கூடு கட்டுவதற்கு இந்தப் பாதுகாப்பே முதல் நிபந்தனை. மரம் இருந்து தண்ணீர் இல்லாவிட்டால் வராது. தண்ணீர் இருந்து மரம் இல்லாவிட்டால் மேய்ந்துவிட்டுப் போய்விடும். அருகிலிருக்கும் கரிக்கிலி ஏரிகள் இதற்கு நல்ல சாட்சி. ஆழம் குறைந்த, திறந்த நீர்ப்பரப்பு அங்கே. 1989-ல் அதுவும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வாத்துகளும் உள்ளான்களும் அதிகம், கூடுகள் குறைவு.

ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டதா, மரம் முங்கிவிட்டதா என்று ஊர்க்காரர்கள் பார்ப்பதுபோலவே பறவைகளும் பார்க்கின்றன. நத்தைகுத்தி நாரைகள் முதல் வரிசையில் வந்துவிடும். அதற்கும் காரணம் உண்டு. கோடையில் வயல் காய்ந்ததும் நத்தை சேற்றுக்குள் புதைந்து, வாசலைத் தட்டால் அடைத்துக்கொண்டு உறங்கிவிடுகிறது. செவுள், நுரையீரல் இரண்டும் உள்ள உயிர் என்பதால் அதற்கு இது முடிகிறது. மழை விழுந்து மண் இளகியதும் வெளியே வருகிறது. நாரை முட்டையிடும் காலமும் நத்தை விழிக்கும் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது தற்செயல் இல்லை.

இனி மாலை நான்கு மணிக்குக் கரையில் நின்று ஒரே ஒரு மரத்தைப் பாருங்கள். உச்சியில் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் இடம்பிடித்திருக்கும். பெரிய உடம்பு, எழும்பவும் இறங்கவும் திறந்த வெளி வேண்டும். அதற்குக் கீழே நத்தைகுத்தியும் வெள்ளை அரிவாள் மூக்கனும். இன்னும் கீழே, இலை அடர்ந்த கிளைகளில் நீர்க்காகம், பாம்புத்தாரா, சின்னக் கொக்கு, வக்கா என்கிற இராக்கொக்கு. ஒரே மரத்தில் இத்தனை குடித்தனம் நடப்பதற்கு இன்னொரு காரணம், இவை எல்லாம் ஒரே இரைக்குப் போட்டியிடுவதில்லை. சங்குவளை நாரை பாதி திறந்த அலகை ஆழமில்லாத நீரில் அமிழ்த்தி, மீன் உரசிய நொடியில் பட்டென்று மூடும். அதற்குக் கண் தேவையில்லை, தொடு உணர்வு போதும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமுமாக அரைவட்டம் வீசிக்கொண்டே நடக்கும். பாம்புத்தாரா மூழ்கி மீனைக் குத்தும். நீர்க்காகம் மூழ்கி விரட்டிக் கவ்வும். அரிவாள் மூக்கன் சேற்றைக் கிளறும். அலகின் வடிவத்தைப் பார்த்தே அந்தப் பறவை எவ்வளவு ஆழமுள்ள தண்ணீருக்குப் போயிருக்கும் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் போதும்.

இருட்டத் தொடங்கும்போது ஏரியில் ஷிப்ட் மாறும். பகலெல்லாம் மேய்ந்த நாரைகளும் கொக்குகளும் எட்டுத் திக்கிலிருந்தும் வந்து இறங்கும்போது, பகலெல்லாம் கண்மூடிக் கிடந்த வக்காக்கள் கரகரத்த குரலில் கத்திக்கொண்டு வெளியே கிளம்பும். பறவைகளைப் பார்க்க வேடந்தாங்கலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெயிலேறிய நேரத்தில் வந்து, தூரத்து மரத்தில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது பெரிய இழப்பு. ஒருநாள் முழுதும் ஒதுக்க முடியாவிட்டாலும் அந்திப்பொழுதின் ஒரு மணி நேரத்தையாவது ஒதுக்க வேண்டும்.

வேடந்தாங்கலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஊர்க்காரர்களுடையது. இந்த ஏரியைக் காக்க வேண்டும் என்று முதலில் கேட்டது அரசோ அறிவியலாளர்களோ இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1790-களில் செங்கல்பட்டு ஜாகிரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், இங்கே யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊருக்கு எழுத்து மூலம் உரிமை கொடுத்தார். மதுராந்தகம் ஏரி உடையாமல் காத்ததாகச் சொல்லப்படும் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். 1858-ல் அந்த உரிமை மறுபடி உறுதி செய்யப்பட்டது. அமெரிக்காவில் உலகின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் உருவானது 1872-ல். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே செங்கல்பட்டுச் சீமையின் உழவர்கள் தங்கள் ஏரிப் பறவைகளுக்குச் சட்டக் காவல் வாங்கிவிட்டார்கள். 1936-ல் இது முறையாகச் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. பின்னாளில் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் இந்த ஏரியைக் கூர்ந்து பார்த்து விரிவாக எழுதினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அவரைப் போன்றவர்கள் வழியாகத்தான் வேடந்தாங்கல் வெளியுலகம் அறிந்த பெயரானது.

ஊர்க்காரர்கள் ஏன் அத்தனை உறுதியாக நின்றார்கள்? பறவைகள் மீது அன்பு இருந்தது என்பது உண்மை. விளைச்சலும் இருந்தது. பறவையின் எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். தழைச்சத்து அதில் செறிந்திருக்கிறது. அது ஏரியில் விழுந்ததும் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாகவும், வேறு நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் முள்ளிலிருந்து வந்த மணிச்சத்தும் கூடவே சேர்கிறது. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாய்வது உரம் கலந்த தண்ணீர். வேதியியல் தெரியாத காலத்திலேயே ஆயக்கட்டு உழவர்கள் பயிரைப் பார்த்து இதைக் கண்டுகொண்டார்கள். இந்தச் சத்து வந்த வழியையும் கவனிக்க வேண்டும். பத்து, இருபது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் வயல்களிலும் ஏரிகளிலும் சிதறிக் கிடந்ததைத்தான் பறவைகள் மீனாகவும் நத்தையாகவும் விழுங்கி, சுமந்துவந்து ஒரே ஏரியில் சேர்க்கின்றன.

அளவு மிஞ்சினால் அதுவே கேடு. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் குறையும்போது சத்தின் செறிவு கூடிப் பாசி மண்டும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகும். இடைவிடாமல் எச்சம் விழும் மரங்களும் இலை கருகி நலிகின்றன. அதனால்தான் ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்துப் புதிய கன்றுகளை நட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஓர் இடத்துக்கு வேலி போட்டுப் பூட்டிவிட்டால் அது தானாக நிலைத்திருக்கும் என்பது சரணாலயங்களைப் பற்றிய பெரிய தவறான எண்ணம்.

தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறது என்பதும் முக்கியம். நத்தைகுத்திக் குஞ்சு பொரித்து ஐந்தாறு வாரங்களில் கூட்டை விட்டு இறங்கத் தயாராகிவிடும். கூழைக்கடாவுக்கு அப்படி இல்லை. ஒரு மாத அடைகாப்பு, அதற்குப்பின் குஞ்சு பறக்க மூன்று மாதத்துக்கும் மேல். டிசம்பரில் கூடு கட்டினால் ஏப்ரல்வரை மரத்தடியில் தண்ணீர் வேண்டும், சுற்றுவட்டார ஏரிகளில் மீனும் வேண்டும். 2016-ல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை சராசரியில் பாதியைக்கூட எட்டவில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் பெரிய பறவைகள் கூடு கட்டாமலே போவதுண்டு. கட்டினாலும் கடைசியாகப் பொரித்த குஞ்சு பிழைப்பது கடினம். ஒரே நாளில் எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை. மூத்தது பெரியதாகவும் கடைசி சின்னதாகவும் இருக்கும். இரை குறைந்தால் பெரியதுதான் முண்டியடித்துத் தின்னும். பள்ளியிலிருந்து வந்த குழந்தை தொலைநோக்கியில் இதைப் பார்த்துவிட்டு, “அந்தச் சின்னதுக்கு ஏன் சாப்பாடு குடுக்க மாட்டேங்குது?” என்று கேட்டால், பேச்சை மாற்றிவிடக் கூடாது. மழைக்கும் அந்தக் குஞ்சுக்கும் உள்ள தொடர்பை அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். வகுப்பறையில் ஒரு மாதம் நடத்தினாலும் பதியாதது அந்த ஐந்து நிமிடத்தில் பதியும்.

சரணாலயத்தைப் பள்ளிக்கூடமாகவும் பார்க்க வேண்டும் என்பது ஏதோ கூடுதல் ஆசை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், சரணாலயத்துக்குள் நுழைய எந்தெந்தக் காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. அதில் முதலில் வருவது காட்டுயிரை ஆராய்வதும் படித்தறிவதும். சுற்றுலா பின்னால்தான் வருகிறது. நடைமுறையில் நாம் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். அதே சட்டத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தேசியப் பூங்கா என்றால் மக்களின் பழைய உரிமைகள் அதற்குள் நீடிக்க முடியாது. சரணாலயத்தில் அவற்றை நீடிக்கவிட இடமுண்டு. வேடந்தாங்கல் ஏரிநீர் இன்றும் வயலுக்குப் பாய்வதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

கரையிலிருந்து மட்டும்தான் பார்க்க முடிகிறது, படகு விடக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தூரம்தான் சரணாலயம். ஆள் நெருங்கினால் பறவை கூட்டை விட்டு எழும்பும். அது எழுந்த சில நிமிடங்களில் காகமோ செம்பருந்தோ முட்டையைத் தூக்கிவிடும். காகம் வராவிட்டாலும் வெயில் வரும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் நத்தைகுத்தி நாரை கூட்டின் ஓரத்தில் சிறகைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். அது ஓய்வெடுக்கவில்லை, முதுகில் வெயிலை வாங்கிக்கொண்டு குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. நாரைகள் தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றுவதும் உண்டு. தன் காலில் தானே எச்சமிட்டு, அந்த ஈரம் உலரும்போது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும்; கால்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரிவது அதனால்தான். இத்தனை பாடுபட்டு வளர்க்கிற பறவையை ஒரு கைதட்டலில் கிளப்பிவிடலாம் என்பதைத் தெரிந்துகொண்ட பிள்ளை கைதட்டாது. அறிவிப்புப் பலகையால் வராத அமைதி அப்போது வரும்.

“இதெல்லாம் எந்த நாட்டுப் பறவை?” என்பதுதான் கரையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. சைபீரியா என்றும் ஆஸ்திரேலியா என்றும் யாராவது பதில் சொல்வார்கள். ஆனால் மரத்தில் கூடு கட்டியிருக்கும் எதுவும் சைபீரியாவிலிருந்து வந்ததில்லை. நத்தைகுத்தி, சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகள். மழையும் இரையும் இருக்கும் இடம் தேடி ஊர்விட்டு ஊர் அலைபவை. வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை நீரில் மிதந்து, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும். இங்கே ஒரு முட்டைகூட இடாது. கூடு கட்டும் பறவைக்கு இந்த ஏரி போனால் திரும்பிப் போக வேறு தாய்நாடு கிடையாது. அயல்நாட்டு விருந்தாளி என்ற கதை கேட்க இனிமையாக இருக்கலாம். ஆனால் நம் பொறுப்பை அது நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது.

இப்போது அந்த மறுமுனைக்கு வருவோம். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர்வரை சரணாலய எல்லை விரிக்கப்பட்டது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு நியாயமானது, ஆனால் ஐந்து கிலோமீட்டரும்கூடப் பறவைக்குப் போதாது என்பதை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. மகிழ்ச்சிதான். இரண்டுக்கும் இடையிலும் சுற்றிலும் கிடக்கும் எண்ணற்ற ஏரிகளும் தாங்கல்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. நத்தையும் மீனும் இருப்பது அங்கே. அவற்றில் ஒன்று வீட்டுமனையானாலோ, இன்னொன்றில் கழிவுநீர் சேர்ந்தாலோ, சுற்றிய வயல்களில் பூச்சிமருந்து அளவின்றி விழுந்தாலோ, அதன் விளைவு வேடந்தாங்கல் கூட்டில்தான் தெரியும். சரணாலய எல்லைக்குள் ஒரு குறையும் இல்லாமலே குஞ்சுகள் குறையும்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியிலும் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் நிலைமை இதுவே. முன்னது 1977-லும் பின்னது 1994-லும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. இந்த ஊர்களின் பொறுமை மதிப்பிட முடியாதது. ஆனால் அங்கே கூடு கட்டும் பறவையும் இரைக்குப் பக்கத்து ஊர் ஏரிக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே சரணாலயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பேருந்தை நேராக வேடந்தாங்கல் வாசலில் நிறுத்தாதீர்கள். வழியில் பெயர்ப்பலகை இல்லாத ஏதாவது ஓர் ஏரிக்கரையில் அரைமணி நேரம் நிறுத்துங்கள். அங்கே மேயும் பறவைகளைப் பிள்ளைகள் எழுதட்டும்; பிறகு சரணாலயத்தில் அதே பறவைகள் கூட்டில் இருப்பதைப் பார்க்கட்டும். திரும்பிப் போனபின் தங்கள் ஊர் ஏரியில் அதைத் தொடரட்டும். அதனால் நேரடிப் பயன் விளைய வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் பல ஏரிகளுக்குள் 1980-களிலிருந்து சமூகக் காடுகள் திட்டத்தில் கருவேல மரங்கள் நடப்பட்டன. யாரும் திட்டமிடாமலே அவற்றில் பல, கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும் மரங்களாகிவிட்டன. மரம் முற்றியதும் ஏலம் விட்டு வெட்டுவார்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதத்தில் வெட்டினால் ஓர் ஆண்டின் தலைமுறை முழுதும் தரையில் விழும். குஞ்சுகள் பறந்தபின் வெட்டி, சில மரங்களை நிறுத்திவைத்தால் ஏல வருமானத்துக்கும் பெரிய குறை வராது. எந்த மரத்தில், எந்த மாதம், எந்தப் பறவையின் கூடு இருந்தது என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய ஒரு பள்ளி நோட்டு இருந்தால், வெட்டும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி ஊராட்சித் தலைவரிடமும் வனச்சரகரிடமும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.